இறுக்கிய கயிறு

அந்தத் தெருவில் எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் துணிக்கொடி உண்டு. ஈரத்துணி ஏறியதும் ஒவ்வொரு கொடியும் வயிறு தள்ளித் தொங்கும். அவள் வீட்டுக் கொடி மட்டும் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும். விரலால் சுண்டினால் டங்கென்று ஒலிக்கும். அவள் கணவர் கட்டியது.

“உங்க வீட்டுக் கொடியில துணி போடணும்னா ஸ்கேல் வெச்சுத்தான் போடணும் போல இருக்கே” என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். கணவரைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கு வேறு அதிகம் இருக்கவில்லை. பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாலே அன்றைக்கு நல்ல நாள். ஆனால் கயிறு என்று வந்துவிட்டால் அவர் கை பேசும்.

முன்பு அவர் நீர்த்தேக்கத்தில் படகு ஓட்டினார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப் போவார். பாலம் வந்தது, படகு கரையேறியது. அதன்பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தை அவள் நினைக்க விரும்புவதில்லை. காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, போக இடம் இல்லாமல் வாசலில் நின்றுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் வீட்டில் இருந்த கயிறு, நாடா, பழைய புடவை ஓரம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் எடுத்து முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து அவள் சமையலறைக்குள் போய் அழுதாள்.

அப்புறம்தான் நீர்மேல் சோலார் வந்தது.

தேக்கத்தின் நடுவில், பெரிய பெரிய பிளாஸ்டிக் மிதவைகளை ஒன்றோடொன்று பூட்டி, அதன்மேல் கண்ணாடிப் பலகைகளை வரிசை வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு மேல் யாரோ கறுப்புப் பாய் விரித்துப் போட்ட மாதிரி இருக்கும். வெயிலில் அது மின்சாரம் கொடுக்கும். அந்த மின்சாரத்தில் நீரேற்று நிலையத்து மோட்டார்கள் ஓடும். அது வந்தபிறகுதான் அவர்கள் தெருக் குழாயில் தினமும் காலையில் தண்ணீர் வர ஆரம்பித்தது. அதற்குமுன் எப்போது வரும் என்று குடத்தோடு காத்துக் கிடக்க வேண்டும்.

அத்தனை பெரிய பாய் காற்றில் போய்விடாமல் இருக்க அதை நாலாபக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சில கயிறுகள் தண்ணீருக்கடியில் கிடக்கும் கான்கிரீட் கட்டைகளின் வளையம் வழியாகப் போகும், சில நேராகப் போகும். எல்லாம் முடிவது கரையில் நட்ட இரும்புத் தூண்களில். தூணுக்குத் தூண், கயிற்றை இழுக்கவும் விடவும் கையால் சுற்றும் வின்ச். அந்தக் கயிறுகளைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை எடுத்தார்கள். அவருக்கே கயிற்றுக்காரர் என்று பெயர் வந்துவிட்டது. பாயின்மேல் நடந்து பலகைகளைக் கழுவும் பெண்கள் கூட்டத்தில் அவளுக்கும் வேலை கிடைத்தது.

வேலை வாங்கிக் கொடுத்தது அவள் தம்பி. அவன் அங்கே போர்மேன். அம்மா போனபோது அவன் சின்னப் பிள்ளை. அவளுக்கும் பெரிய வயது ஒன்றும் இல்லை. ஆனாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டே வளர்த்தாள். அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை என்று யாராவது துக்கம் விசாரித்தால், “எனக்குத்தான் ஒருத்தன் இருக்கானே” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். அவனுக்குக் கல்யாணமாகி, அவன் மனைவி இப்போது மாசமாக இருந்தாள்.

கழுவும் வேலையில் சிரிப்புக்குக் குறைவில்லை. நீளப் பிரஷ்ஷும் வாளியுமாக மிதவைப் பாதையில் நடக்கும்போது கால் தானாக ஆடும். முதல் வாரம் எல்லாருக்கும் குமட்டல். பழகியபிறகு தரையில் நடந்தால்தான் குமட்டுகிறது என்றார்கள். பலகைகளை அழுக்காக்குவது தூசியைவிட நீர்க்காகங்கள்தான். கழுவி முடித்துத் திரும்புவதற்குள் பின்னால் வந்து உட்கார்ந்து வேலையைக் காட்டிவிடும்.

“நமக்குத் தினக்கூலி. அதுகளுக்குத்தான் இங்க நிரந்தர வேலை” என்பாள் அவளோடு கழுவும் பாட்டுக்காரி. எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

மேனேஜருக்கு நிழல் என்று பெயர். பலகையில் ஒரு கை அகலம் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் மின்சாரமே குறைந்துவிடுமாம். அதனால் அவர் கரையில் நின்றபடி, “நிழல், நிழல், தள்ளி நில்லுங்க” என்று கத்திக்கொண்டே இருப்பார். வேறு விதத்தில் கெட்டவர் இல்லை. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வீட்டு நலம் விசாரிப்பார்.

பாயைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன ஆட்கள் போவதற்குமுன் சில விஷயங்களைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காற்று வருகிறது என்று சிவப்புக் கொடி ஏறினால் பாயின்மேல் யாரும் இருக்கக்கூடாது. ஈரக் கையால் மின் இணைப்பைத் தொடக்கூடாது. மிதவைச் சட்டை போடாமல் படகில் ஏறக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கயிற்றில் தொய்வு விட வேண்டும். தேக்கத்துத் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். பாயும் கூடவே ஏறி இறங்கும். கயிறு அதற்கு இடம் கொடுக்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் கொஞ்சம் இழுத்துக்கொள், ஏறினால் விடு. எல்லாம் வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். சொன்னவர்கள் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். கயிற்றுக்காரர் மட்டும் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். காலையும் மாலையும் தூண் தூணாகப் போய்க் கயிற்றின்மேல் கை வைத்துப் பார்ப்பார். கணக்கெல்லாம் கையில்தான்.

வீட்டுக்கொடியை அவ்வளவு இறுக்கிக் கட்டுகிறவர், இங்கே மட்டும் கயிறுகளை ஏன் இப்படித் தொங்க விடுகிறீர்கள் என்று ஒருமுறை அவள் கேட்டாள். “வீடு மிதக்கலையே” என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

*

தொய்வு விட்டால் ஒரு குறை உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பாய் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் வரிசைகள் வளைந்து தெரியும். அதனால் மின்சாரத்துக்கு ஒன்றும் ஆகாது. பார்வைக்குத்தான்.

அந்தப் பார்வைக்கு ஒரு நாள் விலை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வரப் போவதாகச் செய்தி வந்தது. பறக்கும் கேமராவை மேலே விட்டுப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இரண்டாவது பாய் இங்கேயா வேறு தேக்கத்திலா என்று முடிவாகும். இங்கே என்றால் எல்லாருக்கும் வேலை நிரந்தரம். நிழல் அன்று பாயைப் பார்த்துக்கொண்டே, “வரிசை மட்டும் கொஞ்சம் நேரா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பெருமூச்சு மாதிரிதான் சொன்னார்.

தம்பி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான். அவள் அப்போது கரையோரத்து மிதவைப் பாதையில் வாளியை அலசிக்கொண்டிருந்தாள். “மாமா, எல்லாத் தூணுலயும் இழுத்துக் கட்டிடுங்க. வந்து படம் எடுத்துட்டுப் போனதும் விட்டுடலாம்” என்று அவன் சொன்னதையும், அவள் கணவர் தலையை மட்டும் இடவலமாக ஆட்டியதையும் பார்த்தாள்.

அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்தான். மாமாவிடம் பேசவில்லை. நேரே சமையலறைக்கு வந்து, சின்ன வயதில் உட்காரும் அதே மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“நீ சொன்னா கேப்பாருக்கா. எனக்காகக் கேக்கல. நாளைக்குப் பொறக்கப்போறது இருக்கு. தினக்கூலியில வளக்கச் சொல்றியா?”

டீயை ஆற்றிக் கொடுத்தாள். அவன் கழுத்தின் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே குடித்தான். எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது சின்ன வயதில் அப்படித்தான் தேய்ப்பான். அவன் போனதும் கணவருக்குச் சாப்பாடு போட்டாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி சொன்னா செஞ்சிட்டுத்தான் போங்களேன். ஒரு நாள்தானே. நேத்து வரைக்கும் வீட்ல உக்காந்திருந்தீங்க, யார் கூப்ட்டு வேல குடுத்தாங்க?”

கடைசி வாக்கியம் அவள் நினைத்து வைத்ததல்ல. வாய் தவறி விழுந்தது. விழுந்தபிறகு எடுக்க முடியவில்லை. அவர் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவி வைத்தார்.

மறுநாள் ஆட்களைக் கூட்டிப் படகில் போய், பகல் முழுக்கத் தூண் தூணாக வின்ச் சுற்றினார். சாயங்காலம் பாய் அசையாமல் நின்றது. வரிசைகள் வாரி எடுத்த வகிடு போல இருந்தன. நிழல் அதைப் பார்த்துக் கைதட்டினார். பாட்டுக்காரிகூட, அட, நம்ம பாயா இது என்றாள்.

பெரியவர்கள் வரவில்லை. நாளை மறுநாள் என்றார்கள். பிறகு அடுத்த வாரம் என்றார்கள். கயிற்றை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். “இன்னைக்கு விட்டு நாளைக்கு வந்து நின்னா என்ன பண்றது மாமா, மறுபடி ஒரு நாள் பூரா இழுக்கணும்” என்றான் தம்பி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்படியே இன்னும் ஒரு வாரம் போனது. காற்றும் இல்லை, தண்ணீரும் ஏறவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதே எல்லாருக்கும் தைரியமாகிவிட்டது.

அவர் மட்டும் வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் தூண்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் தேடிக்கொண்டு போனாள். ஒரு கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஜுரம் வந்த பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி நின்றார்.

“தண்ணி ஏறாத வரைக்கும் பரவால்ல” என்றார்.

“ஏறும்போது பாத்துக்கலாம், வாங்க” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

*

மேலே மலையில் மழை பெய்தது இங்கே யாருக்கும் தெரியாது. மதகைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் வேறு, சோலார் அலுவலகம் வேறு. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இங்கே வெயிலாகத்தான் இருந்தது. முற்பகலில் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. பாட்டுக்காரி, “மேல யாரு துணி துவைக்கிறா” என்றாள். அதற்குள் காற்றும் எழுந்தது. கரையில் சிவப்புக் கொடி ஏறியது. பெண்கள் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஒருவர் பின் ஒருவராகக் கரைக்கு வந்தார்கள். அந்த மட்டில் சொல்லிக் கொடுத்தபடிதான் நடந்தது.

கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது தூரத்து ஓரத்து மிதவைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அடியிலிருந்து யாரோ காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி, அந்த வரிசை மட்டும் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறுகிறது, பாயும் ஏறப் பார்க்கிறது, கயிறு விட மாட்டேன் என்கிறது.

அவர் தூணுக்கு ஓடினார். வின்ச்சின் பல் சக்கரத்தை விடுவிக்கப் பார்த்தார். இழுவிசை ஏறிப்போய் அது அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தொங்கியும் அசையவில்லை. கோடாலி கொண்டு வா என்று கத்தினார். அவர் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். “வெட்டாதீங்க மாமா, சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்” என்றான். நிழல் அன்று நகரத்துக்குப் போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் கேட்கவில்லை. கோடாலியை வாங்கி ஒரு கயிற்றை வெட்டினார். அறுந்த கயிறு பாம்பு மாதிரி திரும்பி அவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. முங்கிய வரிசைக்கும் மிதக்கும் வரிசைக்கும் நடுவே காற்று புகுந்தது. ஒரு வரிசை எழுந்து அடுத்த வரிசைமேல் விழுந்தது. அது அதற்கடுத்ததன்மேல். புத்தகத்தை யாரோ கோபமாக மூடுகிற மாதிரி பாய் மடிந்தது. கண்ணாடி உடையும் சத்தம் கரைவரை கேட்டது. கரையிலிருந்த கட்டுப்பாட்டு அறையில் யாரோ மின்சாரத்தை நிறுத்தினார்கள். நீரேற்று நிலையத்து மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்கள். அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு தூணடியில் உட்கார்ந்திருந்தார். துண்டு சிவந்துகொண்டே வந்தது. அவருக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.

*

படம் எடுக்க வரவேண்டிய பெரியவர்கள் அப்போதுதான் வந்தார்கள். அதே ஆட்கள். பறக்கும் கேமராவும் வந்தது. மடிந்து கிடந்த பாயின்மேல் அது ஈ மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. விசாரணை மறுநாள் என்றார்கள்.

அன்று மாலை தம்பி வந்தான். இந்த முறை சமையலறைக்குப் போகவில்லை. மாமாவின் எதிரில் உட்கார்ந்தான்.

யோசித்துத்தான் வந்திருந்தான். கயிற்றைப் பற்றி எழுத்தில் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பாயைக் கட்டினவர்களும் போய்விட்டார்கள். ஆகவே, தொய்வு விடவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தெரியாது என்று எல்லாரும் சொல்லிவிட்டால் போதும். தெரியாதவன்மேல் பழி வராது. பழி, போனவர்கள்மேல் போய்விடும். நிழலும் அதைத்தான் விரும்புகிறார். அவன் சொல்கிறபடி கேட்டால் வேலையும் இருக்கும், மானமும் இருக்கும்.

“ஒரே ஒரு வார்த்தை மாமா. தெரியாது. அவ்வளவுதான்.”

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி போனபிறகு அவள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். மறுபடியும் வாசலில் நின்று திரும்பி வரும் அந்தக் காலைகள் அவள் கண்முன் வந்தன. முடிச்சுப் போட்டு அவிழ்த்த அந்தப் பழைய புடவை ஓரம் வந்தது.

“சொல்லிடுங்க. உங்களுக்காகச் சொல்லலைன்னாலும் எனக்காக” என்றாள்.

“நான் படகுக்காரன்” என்றார் அவர். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

விசாரணை நடந்த அறையின் கதவு ஈரத்தில் உப்பி, மூட மறுத்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உள்ளே பேசுவது காதில் விழுந்தது. விசாரித்தவர் ஒரு வயதான அதிகாரி அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசினார். தம்பி முதலில் போனான். யாரும் சொல்லித் தரவில்லை, தெரியாது என்று ஏற்பாட்டின்படி சொன்னான். பிறகு கயிற்றுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மா முதலில் கையைப் பற்றித்தான் விசாரித்தார். தையல் போட்டார்களா, வலி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, கயிற்றில் தொய்வு விடவேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்றார். அந்த அம்மா மறுபடி, மெதுவாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“சொல்லிக் குடுக்கலைன்னா அது உங்க தப்பில்லைங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. நான் அப்படியே எடுத்துக்கறேன்.”

பெஞ்சில் அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்தாள். பக்கத்தில் பாட்டுக்காரி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டாள்.

“தெரியும்ங்க” என்றார் அவர்.

“என்ன தெரியும்?”

“தண்ணி ஏறினா கயிறு கூடவே போகணும். தெரிஞ்சுதான் இறுக்கினேன்.”

“யார் சொல்லி?”

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

“என் கைதாங்க இறுக்குச்சு.”

அவர் வெளியே வந்து யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய் மரத்தடியில் நின்றார். தம்பியை மறுபடி உள்ளே அழைத்தார்கள். இப்போது அவன் குரல் தாழ்ந்திருந்தது. கயிறு வேலை முழுக்க அவர் பொறுப்பு, நான் அதில் தலையிடுவதில்லை என்றான். அவன் அப்படிச் சொன்னது அவளுக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டிருக்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். கயிறு இறுக்கச் சொன்ன அன்று கரையோரம் நின்றவள் அவள்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். அவரே இப்படிச் செய்யற ஆள் மாதிரி எனக்குத் தோணல. இறுக்கச் சொன்னது யாரும்மா?”

மூடாத கதவின் இடுக்கில் வெராந்தா தெரிந்தது. அங்கே தம்பி நின்றிருந்தான். கழுத்தின் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால், வெயிலில், மரத்தடியில், கட்டுப் போட்ட கையோடு அவர். ஒரு பெயர் சொன்னால் போதும். ஆனால் யார் சொன்னது என்ற கேள்விக்கு அவளிடம் இன்னொரு பதிலும் இருந்தது, அவனுடையதைவிட உண்மையானது. தம்பி சொன்னபோது அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டாரே. ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்து, யார் வேலை கொடுத்தார்கள் என்று கேட்டது வேறு ஆள்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள்.

அவர் சொல்ல மறுத்த வார்த்தை அவள் வாயிலிருந்து எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு, போகலாம் என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. நீ என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதிருப்பாள். அவர் கேட்கவில்லை. வழியில் ஒரு லாரி வந்தபோது, எப்போதும் போல, அவளை ஓரப் பக்கமாக விட்டுத் தான் இந்தப் பக்கம் நடந்தார்.

*

அவர் வேலை போனது. தெரிந்தே செய்தவர் என்பதால் வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். கழுவப் பலகை இல்லாததால் பெண்களும் நின்றுவிட்டார்கள். பாட்டுக்காரி துணிக்கடை ஒன்றில் தரை துடைக்கப் போனாள். அங்கே பாடக்கூடாதாம். தெருக்குழாயில் மறுபடி எப்போதாவதுதான் தண்ணீர் வந்தது. குடத்தோடு நிற்கும் வரிசையில் யாரும் அவளைக் குத்திப் பேசவில்லை. அவள் வந்ததும் பேச்சு நின்றது, அவ்வளவுதான். தேக்கத்துத் தண்ணீர் வடிந்ததும் உடைந்த பாய் சேற்றில் தட்டி நின்றது. நீர்க்காகங்கள் மட்டும் வேலையை விடவில்லை. சாய்ந்த பலகைகளின்மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது பாய் வேறு தேக்கத்துக்குப் போனது. அங்கே போர்மேனாகத் தம்பியை அனுப்பினார்கள். நிரந்தரம். சொல்லிக்கொண்டு போக வந்தான். மனைவியைக் கூட்டி வரவில்லை. அவளுக்குப் பயணம் ஆகாது என்றான். நின்றபடியே பேசினான். கிளம்பும்போது வாசற்படியில் தயங்கினான்.

“மாமா, அங்க தண்ணி ரொம்ப ஏறி இறங்குமாம். கயிறு எவ்வளவு விடணும்?”

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் கையில் கிடைத்ததை எடுத்து அவன் முகத்தில் எறிய வேண்டும் என்று அவளுக்கு வேண்டுதல் மாதிரி இருந்தது. ஆனால் அவர் பேசுவது கேட்டது. வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார்.

“பழைய ஆளுங்ககிட்ட கேளு, மாப்ள. தண்ணி ரொம்ப ஏறினது எப்போ, எதுவரைக்கும்னு கேளு. அதுக்கு மேலயும் கொஞ்சம் வெச்சு விடு. மதகு ஆபீஸ்ல ஒருத்தனைப் பழக்கம் பண்ணிக்க. அவன் போன் பண்ணணும் உனக்கு. தூணுக்குத் தூண் ஒரு கோடாலி வெச்சுடு.” கொஞ்சம் நிறுத்தினார். “வெட்டறதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்னு சொல்லி வெச்சுடு.”

தம்பி சரி மாமா என்றான். அவன் செருப்புச் சத்தம் தெருவில் போய்த் தேய்ந்தது. அக்கா, வரேன் என்று அவன் உள்ளே பார்த்துச் சொன்னானா, சொல்லவில்லையா என்று அவளுக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு அவர் காலையில் முகம் கழுவிக்கொண்டு வாசலில் நிற்பதுகூட இல்லை. கட்டிலை விட்டு எழும்போது பொழுது ஏறியிருக்கும். கைக்காயம் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கயிறு எதையும் அவர் தொடுவதில்லை.

ஒருநாள் துணி துவைத்துக்கொண்டு பின்புறம் போனபோது கொடி மாறியிருந்தது. அவர்தான் அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார். முடிச்சு பழைய முடிச்சுதான், விரல் மடங்காததால் கொஞ்சம் கோணலாக. ஆனால் கயிறு ஒரேயடியாகத் தளர்ந்து, காலியாக இருக்கும்போதே முழங்கால் வரைக்கும் தொங்கியது.

அவள் வாளியை வைத்துவிட்டு நின்றாள். ஜன்னல் வழியே அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பது தெரிந்தது. கொஞ்சம் இழுத்துக் கட்டுங்களேன் என்று சொல்ல வாய் வந்தது. அந்த வாய்தான். அதை அப்படியே மூடிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகத் துணியைப் போட்டாள். அவர் சட்டை, அவள் புடவை. ஈரம் ஏற ஏறக் கொடி இறங்கிக்கொண்டே போனது. புடவையின் ஓரம் மண்ணில் பட்டது. அவள் அதை எடுத்து, மண்ணை உதறி, வாளியில் மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீரில் அலசி, மறுபடியும் அதே கொடியில் போட்டாள். மறுபடியும் மண்ணில் பட்டது.